அச்சகத்துக்குப் புக்லெட் இயந்திரம் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்டர் பின் வேலைக்கு (தாள்களை நடுவில் பின் அடித்து மடித்துப் புத்தகமாக்குவதற்கு) இயந்திரம் வாங்க நினைக்கும் அச்சக உரிமையாளர்களும், பைண்டிங் பகுதியைப் பார்த்துக்கொள்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த மாடல் சிறந்தது என்ற தரவரிசை இதில் இல்லை. தம் அச்சகத்துக்கு வரும் வேலைக்கு எது பொருந்தும் என்பதை வாங்குபவரே கணக்கிட்டு முடிவு செய்வதற்குத் தேவையானவை மட்டுமே உள்ளன.

புக்லெட் இயந்திரம் என்பது பின் அடிக்கும் இயந்திரம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு பெரிய அமைப்பு?

பின் அடிப்பது அது செய்யும் வேலைகளில் ஒன்று மட்டுமே. ஒரு புத்தகத்துக்குரிய தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்குவது, நடுக்கோட்டில் இரண்டு பின்கள் அடிப்பது, அதே கோட்டில் மடிப்பது, மடித்த புத்தகத்தின் முன்விளிம்பை வெட்டி நேராக்குவது ஆகிய நான்கு வேலைகளும் இடையில் கைபடாமல் அடுத்தடுத்து நடப்பதற்கான அமைப்பையே புக்லெட் இயந்திரம் என்கிறோம். இதற்கு முன்னால் தாள் ஊட்டும் பகுதியையும், பின்னால் முதுகைச் சதுரமாக்கும் பகுதியையும் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

பல நிறுவனங்கள் இவற்றைத் தனித்தனிப் பகுதிகளாகவே விற்கின்றன. ஆகவே விலை கேட்கும்போது, வெட்டும் பகுதியும் ஊட்டும் பகுதியும் அந்த விலைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

புக்லெட் மேக்கர், சேடில் ஸ்டிச்சர் என்று இரண்டு சொல்கிறார்கள். இரண்டும் ஒரே இயந்திரமா?

முடிவில் கையில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே மாதிரியான புத்தகம்தான். அது உருவாகும் வழி வேறு. புக்லெட் மேக்கரில் தாள்கள் விரித்த நிலையிலேயே அடுக்கப்பட்டு, பின் அடிக்கப்பட்டு, அதன் பிறகு அந்த அடுக்கு முழுவதும் ஒரு மெல்லிய தகட்டால் இரண்டு ரோலர்களுக்கு இடையே தள்ளப்பட்டு ஒரே தடவையில் மடிகிறது. சேடில் ஸ்டிச்சரில், முன்னதாகவே மடிக்கப்பட்ட தாள்களோ பாரங்களோ (பல பக்கங்கள் அச்சிட்ட பெரிய தாளின் மடிப்புகள்) கூரை முகடு போன்ற ஒரு தண்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்து சேர்ந்த பிறகே பின் விழுகிறது.

தனித்தனியாக மடிந்த தாள்களின் முதுகு இறுக்கமாக இருக்கும். மொத்தமாக மடிந்த அடுக்கின் முதுகு பக்கங்கள் கூடக்கூடச் சற்று உப்பும். பெரிய அளவில் இதழ்கள் தயாரிக்கும் இடங்களில் சுவிட்சர்லாந்தின் முல்லர் மார்ட்டினி போன்ற நிறுவனங்களின் சேடில் ஸ்டிச்சர்கள் ஓடுகின்றன. ஜப்பானின் ஹொரைசன் தயாரிக்கும் ஸ்டிச்லைனர் வரிசை, விரித்த தாள்களை உள்ளே வாங்கி, கோடு அழுத்தி மடித்து, பிறகு பின் அடிக்கும் இடைப்பட்ட வகை. சில நூறு முதல் சில ஆயிரம் பிரதிகள் வரையிலான வேலைகளே மிகுதியாக வரும் அச்சகத்துக்குப் புக்லெட் மேக்கர் போதும் என்பது என் கருத்து. இனி வரும் விடைகள் அதைப் பற்றியவை.

எந்த இடத்தில் தொடங்குவது? எல்லா விளம்பரத் தாளும் ஒரே மாதிரி இருக்கின்றன.

விளம்பரத் தாளை மூடி வைத்துவிட்டு, உங்கள் வேலைப் பதிவேட்டைத் திறப்பதே சரியான தொடக்கம். கடந்த மூன்று மாதங்களில் செய்த சென்டர் பின் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: முடிந்த அளவு, அட்டை உட்பட மொத்தப் பக்கங்கள், உள்தாளின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அட்டையின் ஜிஎஸ்எம் மற்றும் லேமினேஷன், பிரதிகளின் எண்ணிக்கை. இயந்திரம் இல்லாததால் வெளியே கொடுத்த வேலைகளையும், மறுத்த வேலைகளையும் தனி நிறத்தில் சேருங்கள்.

இந்தப் பட்டியல் கைக்கு வந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். பத்தில் எட்டு வேலைகள் 16 பக்க ஏ5 கையேடுகளாக இருக்கும் ஓர் அச்சகம், ஆண்டுக்கு ஒருமுறை வரும் 96 பக்க மலருக்காகப் பெரிய இயந்திரம் வாங்குவது சரியான முடிவாகாது. கீழே பல இடங்களில் "உங்கள் பட்டியல்" என்று நான் குறிப்பிடுவது இதைத்தான்.

ஏ4 புத்தகம் செய்ய ஏ3 தாள் ஏற்கும் இயந்திரம் போதாதா?

ஓரம் வரை அச்சில்லாத புத்தகத்துக்குப் போதும். ஏ3 தாள் 297 × 420 மி.மீ.; நடுவில் மடித்தால் 210 × 297 மி.மீ. அளவுள்ள ஏ4 கிடைக்கிறது. ஆனால் படமோ நிறமோ தாளின் விளிம்பு வரை ஓடும் வேலையில் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் அச்சு) தேவை. அப்போது அச்சுத் தாள் குறைந்தது 303 × 426 மி.மீ. இருக்க வேண்டும். இதற்காகவே 320 × 450 மி.மீ. அளவுள்ள எஸ்ஆர்ஏ3 தாள் பயன்படுகிறது. இயந்திரம் அந்த அளவை ஊட்டும் பகுதியில் தொடங்கி வெட்டும் பகுதி வரை ஏற்கிறதா என்று கேளுங்கள்.

அகலவாக்குப் புத்தகங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏ4 அளவில் அகலவாக்கில் ஒரு புத்தகம் வேண்டுமென்றால் விரித்த தாளின் நீளம் 594 மி.மீ. ஆகிறது, ப்ளீட் சேர்த்தால் 600 மி.மீ. இந்த நீளத்தை ஏற்காத இயந்திரங்கள் நிறைய உண்டு. சிறிய அளவிலும் இதே சிக்கல்: ஏ6 புத்தகத்தின் விரித்த தாள் 148 × 210 மி.மீ. மட்டுமே என்பதால், ரோலர்கள் பிடிக்க முடியாத அளவுக்கு அது சிறியதாகிவிடலாம். அத்தகைய வேலைகளை இரண்டு புத்தகங்களாகச் சேர்த்து அச்சிட்டு, நான்கு பின்கள் அடித்து, பிறகு நடுவில் வெட்டிப் பிரிக்கும் முறையில் செய்ய வேண்டும். அதற்கு நான்கு ஸ்டிச்சிங் ஹெட்கள் (பின் அடிக்கும் பாகங்கள்) பொருத்த இடமுள்ள இயந்திரம் தேவை.

முன்விளிம்பை மட்டும் வெட்டும் இயந்திரம் போதுமா? மூன்று பக்கமும் வெட்டுவது வேண்டுமா?

மேலே சொன்ன எஸ்ஆர்ஏ3 தாளையே எடுத்துக்கொள்வோம். மடித்தபின் முன்விளிம்பில் 15 மி.மீ., தலையிலும் அடியிலும் சேர்த்து 23 மி.மீ. கூடுதலாக இருக்கும். முன்விளிம்பை மட்டும் வெட்டும் இயந்திரத்தில், தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் தாளாக இருக்கும்போதே கட்டிங் இயந்திரத்தில் வெட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அச்சு முடிந்த தாள்கள் புத்தக வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால், அந்த வரிசை கலையாமல் கட்டுக்கட்டாக வெட்டுவது கவனம் தேவைப்படும் வேலை; ஆனால் முடியாதது அல்ல.

பட்டியலில் ப்ளீட் உள்ள வேலைகள் பாதிக்கு மேல் இருந்தால், தாள் உள்ளே போகும்போதே இரு ஓரங்களையும் சீவிவிடும் ஸ்லிட்டர் உள்ள இயந்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. பெரும்பாலும் வெள்ளை ஓரம் உள்ள அறிக்கைகளும் பயிற்சிக் கையேடுகளும் என்றால் அது வேண்டாம். எப்படியானாலும் முன்விளிம்பில் ஒரே தடவையில் எத்தனை மி.மீ. வரை வெட்ட முடியும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், 15 மி.மீ. வெட்ட முடியாவிட்டால் தாளை முன்கூட்டியே சிறிதாக்க வேண்டியிருக்கும்.

எத்தனை பக்கம் வரை சென்டர் பின் போடலாம்?

முதலில் எளிய விதி: பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், ஏனெனில் மடித்த ஒரு தாளுக்கு நான்கு பக்கங்கள். 80 ஜிஎஸ்எம் பூச்சில்லாத தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன் உடையது. 20 தாள்கள், அதாவது 80 பக்கங்கள், விரித்த நிலையில் 2 மி.மீ., மடித்தபின் 4 மி.மீ. இந்த அளவைப் பல இயந்திரங்கள் நன்றாகவே மடிக்கும்.

விளம்பரத் தாளில் "25 தாள்" என்று இருந்தால் அது 80 ஜிஎஸ்எம் தாளுக்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். 130 ஜிஎஸ்எம் தாளில் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். உச்ச வரம்பு என்பது இயந்திரம் நிற்காமல் செய்து முடிக்கும் அளவே தவிர, புத்தகம் மேசைமேல் மூடிக் கிடக்கும் அளவு அல்ல. வரம்பை ஒட்டிய புத்தகம் மடிந்த பிறகும் வாய் திறந்தே நிற்கும். உங்கள் பட்டியலில் அடிக்கடி வரும் மிகத் தடித்த புத்தகத்துக்கு மேலும் கால் பங்கு இடம் விட்டு இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நடுப்பக்கங்கள் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. இது இயந்திரத்தின் குறையா?

இல்லை, இது மடிப்பின் இயல்பு. வெளியே உள்ள தாள்களைச் சுற்றி உள்தாள்கள் மடிவதில்லை. வெளித்தாள்களே உள்தாள்களைச் சுற்றி மடிகின்றன. ஆகவே ஒவ்வொரு உள்தாளும் தனக்கு வெளியே உள்ள தாளின் தடிமன் அளவுக்கு முன்னே தள்ளப்படுகிறது. மேலே பார்த்த 80 பக்கப் புத்தகத்தில் நடுத்தாள் ஏறத்தாழ 2 மி.மீ. வெளியே நிற்கும். முன்விளிம்பு வெட்டு இருப்பதற்கு முதன்மையான காரணமே இதுதான்.

ஆனால் வெட்டு மட்டும் முழுத் தீர்வல்ல. விளிம்பு நேராகிவிட்டாலும், நடுப்பக்கங்களின் வெளி ஓர வெள்ளைப்பகுதி 2 மி.மீ. குறைந்திருக்கும், பக்க எண்ணை ஓரத்துக்கு மிக அருகில் வைத்திருந்தால் அது வெட்டோடு போய்விடவும் கூடும். பக்க அமைப்பு மென்பொருளில் இந்த நகர்வை ஈடுசெய்யும் வசதி இருக்கிறது. தாளின் தடிமனைக் கொடுத்தால் உள்பக்கங்களை முதுகை நோக்கிப் படிப்படியாக நகர்த்தும். 32 பக்கங்களுக்கு மேற்பட்ட எல்லா வேலைகளுக்கும் அதைப் பயன்படுத்தச் சொல்வேன்.

மணிக்கு 2,400 புத்தகம் என்று போட்டிருக்கிறது. உண்மையில் அவ்வளவு வருமா?

மிகக் குறைந்த பக்கமுள்ள சிறிய புத்தகத்துக்கு வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊட்டும் பகுதி நிமிடத்துக்கு 150 தாள்களை எடுக்கிறது, பின் அடித்து மடிக்கும் பகுதி நிமிடத்துக்கு 40 புத்தகங்களை முடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பக்கப் புத்தகத்துக்கு இரண்டு தாள்களே. ஊட்டும் பகுதி 75 புத்தகங்களுக்கான தாளைத் தரும், மடிக்கும் பகுதி 40இல் நிற்கும். 40ஐ 60ஆல் பெருக்கினால் விளம்பரத் தாளில் உள்ள 2,400 கிடைக்கிறது. அதே இயந்திரத்தில் 64 பக்கப் புத்தகம் என்றால் 16 தாள்கள். 150ஐ 16ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஒன்பது புத்தகங்களுக்குச் சற்று மேல். மணிக்கு ஏறத்தாழ 560 மட்டுமே. இதில் தாள் சிக்குதல், தாள் நிரப்புதல், முடிந்த புத்தகத்தை எடுத்து வைத்தல் ஆகியவற்றுக்கான நேரம் இன்னும் கழியவில்லை.

ஆகவே ஊட்டும் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை தாள் என்றும், மடிக்கும் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை புத்தகம் என்றும் தனித்தனியாகக் கேட்டு, பட்டியலில் உள்ள சராசரிப் பக்கத்துக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். இரண்டு இயந்திரங்களை ஒப்பிட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

எங்களிடம் ஆஃப்செட்டும் இருக்கிறது, டிஜிட்டலும் இருக்கிறது. எந்த ஊட்டும் பகுதி வாங்குவது?

ஆஃப்செட்டில் ஒரே தாள் ஆயிரக்கணக்கில் ஒரு கட்டாக வருகிறது. அவற்றிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் புத்தக வரிசையில் சேர்க்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு தட்டிலும் ஒரு வகைத் தாளை வைக்கும் கொலேட்டிங் கோபுரம் தேவை. பத்துத் தட்டுகள் உள்ள ஒரு கோபுரத்தால் 40 பக்கங்கள் வரை செய்யலாம். அதற்கு மேல் என்றால் இரண்டாவது கோபுரம். எல்லாத் தட்டுகளும் ஒரே சுழற்சியில் தாள் தருவதால், பக்கம் கூடினாலும் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. முன் விடையில் போட்ட கணக்கு இதற்குப் பொருந்தாது.

டிஜிட்டல் அச்சில் தாள்கள் புத்தக வரிசையிலேயே வெளிவருகின்றன. அவற்றைத் தட்டுத்தட்டாகப் பிரித்து மீண்டும் சேர்ப்பது வீண்வேலை. ஒரே அடுக்கிலிருந்து வரிசையாக எடுக்கும் ஷீட் ஃபீடரே பொருத்தம். அட்டைக்கு மட்டும் தனித் தட்டு உள்ள ஃபீடர் கிடைத்தால், அட்டையை ஆஃப்செட்டிலும் உள்பக்கங்களை டிஜிட்டலிலும் அச்சிடும் வேலைகள் எளிதாகும். இரண்டு வேலைகளும் சமமாக வரும் இடத்தில் கோபுரத்தையும் ஃபீடரையும் ஒரே புக்லெட் மேக்கருடன் இணைக்கும் அமைப்பைத் தேடுங்கள்.

டிஜிட்டல் தாளை வரிசையாக வைத்து ஓட்டினோம்; ஓரிடத்தில் தவறியதும் அதற்குப் பிறகு எல்லாப் புத்தகமும் மாறிப்போயின. ஏன்?

இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போயிருக்கும். 64 பக்கப் புத்தகம் என்றால் இயந்திரம் 16 தாள்களை எண்ணி ஒரு புத்தகம் என்று பிரிக்கிறது. ஒட்டிய இரண்டை ஒன்றாக எண்ணியதால் அந்தப் புத்தகத்துக்குள் அடுத்த புத்தகத்தின் முதல் தாள் சென்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு புத்தகமும் ஒரு தாள் தள்ளியே பிரியும். கொலேட்டிங் கோபுரத்தில் இரட்டைத் தாள் வந்தால் அந்த ஒரு புத்தகம் மட்டும் கெடும். ஷீட் ஃபீடரில் அதைக் கண்டுபிடிக்காவிட்டால் அந்த அடுக்கு முழுவதுமே கெடும்.

எனவே ஷீட் ஃபீடர் வாங்குபவர்கள் இரட்டைத் தாள் உணரியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒலி அலையால் அறியும் உணரி, அடர்ந்த நிறம் அச்சான தாளிலும் ஏமாறாது. ஒளியால் மட்டும் அறியும் உணரிக்கு அச்சின் அடர்த்தி மாறும்போது தடுமாற்றம் வரும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் அச்சிட்ட பார்கோடைப் படித்து, இது எந்தப் புத்தகத்தின் எத்தனையாவது தாள் என்று சரிபார்க்கும் வசதி இன்னும் பாதுகாப்பானது. ஒவ்வொரு பிரதியிலும் பெயரோ கணக்கோ மாறும் வேலை செய்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. பார்கோடு அச்சாகும் ஓரம் பிறகு வெட்டில் போய்விட வேண்டும் என்பதால், தாள் அளவைத் தீர்மானிக்கும்போதே அதற்கு இடம் விடுங்கள்.

டிஜிட்டல் பிரஸ்ஸோடு இணைந்தே வரும் புக்லெட் பகுதியை வாங்கலாமா, தனியாக வாங்கலாமா?

இணைந்த அமைப்பில் ஆள் தலையீடு குறைவு. தாள் வரிசை தவறும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனால் அதன் வேகம் பிரஸ்ஸின் வேகமே. நிமிடத்துக்கு 100 ஏ4 பக்கங்கள் அச்சிடும் பிரஸ், இருபுறமும் அச்சிட்ட ஏ3 தாள்களை நிமிடத்துக்கு ஏறத்தாழ 25தான் தரும். 16 தாள் புத்தகம் என்றால் மணிக்கு 90 புத்தகங்களைச் சற்றுத் தாண்டும். நாள் முழுக்கச் சிறு எண்ணிக்கையில், ஒரே மாதிரியான வேலைகள் வரும் இடத்தில் இதுவே வசதி.

தனியாக நிற்கும் இயந்திரம் பல பிரஸ்களின் வேலையை முடித்துக் கொடுக்கும்; வெளியே அச்சிட்டு வந்த அட்டையையும் ஏற்கும்; புக்லெட் பகுதியில் தாள் சிக்கினால் பிரஸ் நிற்காது. நாளைக்குப் பிரஸ்ஸை மாற்றினாலும் இது இருக்கும். இரண்டு பிரஸ்களுக்கு மேல் உள்ள அச்சகத்துக்குத் தனி இயந்திரத்தையே பரிந்துரைப்பேன்.

பின் பெட்டி போடும் இயந்திரமா, கம்பிச் சுருள் போடும் இயந்திரமா?

பெட்டியில் வருபவை ஏற்கெனவே வடிவமைக்கப்பட்ட பின்கள். அவற்றின் கால் நீளம் மாறாது. மெல்லிய புத்தகத்தில் கால்கள் தேவைக்கு மேல் நீண்டு ஒன்றோடொன்று உரசும், தடித்ததில் குறுகிப்போகும். கம்பிச் சுருள் ஹெட், சுமார் 0.5 மி.மீ. தடிமனுள்ள கம்பியைப் புத்தகத்துக்கு வேண்டிய நீளத்துக்கு வெட்டி, அப்போதே பின்னாக வளைக்கிறது. ஒரு பின்னுக்கு ஆகும் செலவும் கம்பிச் சுருளில் மிகக் குறைவு.

அதற்கு ஈடாக, கம்பி ஹெட்டைச் சரிசெய்யப் பழகிய கை வேண்டும். நீள அமைப்பு, வளைக்கும் பாகம், கால்களை மடக்கும் கிளிஞ்சர் ஆகியவை தேயும், மாற்ற வேண்டும். ஜெர்மனியின் ஹோனர் நிறுவனத்தின் ஹெட்கள் பல தயாரிப்பாளர்களின் இயந்திரங்களில் பயன்படுவதால், அத்தகைய ஹெட் பொருத்திய இயந்திரத்துக்கு உதிரிபாகம் தேடுவது எளிது. நாளொன்றுக்குச் சில நூறு புத்தகங்களுக்குள் நிற்பவர்களுக்குப் பின் பெட்டியே தொல்லையில்லாதது.

மடிப்பில் அட்டை வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது. விலை கூடின இயந்திரம் வாங்கினால் சரியாகிவிடுமா?

இயந்திரம் மாறுவதால் மட்டும் சரியாகாது. இந்தக் கேள்வியைத்தான் நான் மிக அதிகமாகக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் காரணம் தாளிலேயே இருக்கிறது. தாளின் நார்கள் ஒரு திசையில் ஓடுகின்றன. மடிப்பு அந்த ஓட்டத்துக்கு இணையாக விழுந்தால் தாள் மென்மையாக மடியும். குறுக்கே விழுந்தால் நார்கள் முறிந்து மேற்பூச்சும் அச்சும் வெடிக்கும். எஸ்ஆர்ஏ3 தாளில் 450 மி.மீ. பக்கத்தை நடுவில் மடிக்கிறோம். நாரும் அந்த 450 மி.மீ. திசையிலேயே ஓடும் தாளாக இருந்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. புத்தக வேலைக்கு, நார் 320 மி.மீ. திசையில் ஓடும் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். உறுதியில்லையென்றால் ஒரு தாளை இரு திசைகளிலும் மடித்துப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல், வெடிக்காமல் மடியும் திசைதான் நாரின் திசை.

அடுத்தது கிரீசிங், அதாவது மடிய வேண்டிய இடத்தில் முன்னதாகவே கோடு அழுத்துவது. ஏறத்தாழ 170 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட எந்த அட்டையையும் கோடு அழுத்தாமல் மடிக்கக் கூடாது. டிஜிட்டல் டோனர் தாளுக்குள் ஊறாமல் மேற்பரப்பில் படலமாகவே நிற்பதால், அடர் நிறம் மடிப்பின் குறுக்கே ஓடும் அட்டையில் 150 ஜிஎஸ்எம்மிலேயே அழுத்திவிடுவது பாதுகாப்பு. அழுத்தியதால் எழும் மேடு மடிப்பின் உட்புறம் இருக்க வேண்டும். மாற்றி மடித்தால் கிரீசிங் செய்தும் வெடிக்கும். கிரீசிங் பகுதி உள்ளமைந்த புக்லெட் இயந்திரங்கள் உண்டு. இல்லையென்றால் தனி கிரீசிங் இயந்திரத்தில் அட்டையை மட்டும் முன்னதாக அழுத்தி வைத்துக்கொள்ளலாம். லேமினேஷன் செய்யும் அட்டையில் லேமினேஷன் முதலில், கிரீசிங் பிறகு.

முதுகைச் சதுரமாக்கும் பகுதி தேவையா? பார்க்க அழகாக இருக்கிறது.

அழகு மட்டுமல்ல, பயனும் உண்டு. உப்பிய முதுகை அழுத்திச் சதுரமாக்கினால் புத்தகம் வாய் திறக்காமல் படுக்கிறது. பெட்டியில் அடுக்கும்போது ஒரு புறம் சரிவதில்லை. தடித்த புத்தகத்தில் முதுகில் தலைப்பு அச்சிடவும் சிறிது இடம் கிடைக்கிறது. ஆனால் 20 பக்கப் புத்தகத்தில் சதுரமாக்க ஒன்றும் இல்லை. பட்டியலில் 40 பக்கங்களுக்கு மேற்பட்ட வேலைகள் தொடர்ந்து இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் பின்னாளில் சேர்க்க முடியுமா என்று மட்டும் கேட்டு வையுங்கள். முதுகை அழுத்தும்போதும் அட்டை வெடிக்கலாம் என்பதால், அட்டை பற்றிய முன் விடை இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

அளவு மாற்றம் தானியங்கியாக இருக்க வேண்டுமா? திருகு சுற்றி அமைத்தால் விலை குறைவாக இருக்கிறதே.

வேலையின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மணிக்கு 560 புத்தகம் ஓடும் இயந்திரத்தில் 100 பிரதிகள் 11 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். திருகுகளைச் சுற்றி அமைக்கவும், சோதனைப் புத்தகங்கள் ஓட்டவும் 15 நிமிடங்கள் ஆனால், ஓட்டத்தைவிட அமைப்புக்கே அதிக நேரம் போகிறது. நாளில் பத்துச் சிறு வேலைகள் என்றால் அமைப்புக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். அங்கே தானியங்கி அமைப்பு தன் விலையைத் தானே ஈட்டிக்கொள்ளும். வாரம் முழுக்க ஒரே அளவு ஓடும் இடத்தில் திருகு போதும்.

இயந்திரத்தின் அளவுக்கு இடம் இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

சிக்கிய தாளை எடுக்க ஆள் நிற்கும் பக்கத்திலும், முடிந்த புத்தகம் வெளியேறும் பட்டையின் முனையிலும் தாராளமான இடம் வேண்டும். வெட்டுக் கழிவுப் பெட்டியை வெளியே இழுக்கவும் வேண்டும். மின் இணைப்பு ஒற்றைக் கட்டமா மூன்று கட்டமா, காற்று பம்ப் உள்ளேயே இருக்கிறதா என்பதையும் முன்பே கேளுங்கள்.

பலர் கவனிக்காதது அறையின் ஈரப்பதம். டிஜிட்டல் பிரஸ்ஸின் வெப்பத்தால் தாள் ஈரம் இழந்து சுருளும். வறண்ட காற்றில் நிலைமின்சாரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன இரட்டைத் தாள் சிக்கலுக்கு இதுவே பெரிய காரணம். அச்சான தாள்களைச் சிறிது நேரம் ஆறவிட்டு, விசிறிவிட்டு வைப்பதும், காற்று ஊதித் தாளைப் பிரிக்கும் ஃபீடரைத் தேர்ந்தெடுப்பதும் உதவும்.

பழைய இயந்திரம் நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் உதிரிபாகம். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு இன்னும் பாகங்கள் தருகிறாரா என்பதை விற்பவரிடம் கேட்காமல், தயாரிப்பாளரின் முகவரிடமே கேளுங்கள். பிறகு மடிப்பு ரோலர்களைத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் இறுகி வழுவழுப்பாகியிருந்தால் தாளைப் பிடிக்காது, மடிப்பு கோணும். வெட்டுக் கத்தியை இன்னும் எத்தனை முறை சாணை பிடிக்க இடம் இருக்கிறது, கிளிஞ்சரில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இயந்திரம் நிறுத்தி வைத்த நிலையில் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். தொடர்ந்து 200 புத்தகங்களாவது ஓட்டச் சொல்லுங்கள். முதல் பத்தும் கடைசிப் பத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதே விடை.

புது இயந்திரத்துக்கு டெமோ காட்ட அழைக்கிறார்கள். என்ன எடுத்துப் போக வேண்டும்?

உங்கள் தாளை, உங்கள் பிரஸ்ஸில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். காட்டுபவர்கள் வைத்திருக்கும் தாள் அந்த இயந்திரத்துக்கு நன்றாக ஓடும் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. பட்டியலில் மிக மெல்லிய வேலை, மிகத் தடித்த வேலை, அடர் நிற அட்டையுள்ள வேலை, மிக அடிக்கடி வரும் வேலை ஆகிய நான்கும் போதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது, பேச்சுக் கொடுக்காமல் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தானியங்கி அமைப்பு பற்றிய கணக்குக்கு அந்த எண்தான் வேண்டும். வேண்டுமென்றே ஒரு தாளைக் கசக்கி நடுவில் வைத்து, சிக்கிய பிறகு மீண்டும் ஓட எவ்வளவு நேரமாகிறது என்றும் பாருங்கள். இயக்கிக் காட்டுபவரிடம் கேட்டு, உங்கள் ஊழியரை ஒரு வேலை அமைக்கச் சொல்லுங்கள்.

வாங்கிச் சில மாதங்களில் பின் ஓரிடத்திலும் மடிப்பு ஓரிடத்திலும் விழுகிறது. எதைத் திருகுவது?

முதலில் எதையும் திருகாமல், வெட்டாத புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மடிப்பு தாளின் சரி நடுவில் இருந்தால், அதாவது அட்டையின் இரு முன்விளிம்புகளும் பொருந்தினால், மடிப்பு சரி. பின் அடிக்கும் நிலையை மட்டும் நகர்த்துங்கள். விளிம்புகள் பொருந்தவில்லையென்றால் மடிப்பு நிலையைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். பின்னை அப்புறம் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது.

தலைப்பக்கம் பொருந்தி அடிப்பக்கம் விலகினால் அது கோணல். அப்போது கட்டிங் இயந்திரத்தில் தாள் செங்கோணமாக வெட்டப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். அடுத்துப் பக்கவாட்டில் தட்டும் தகடுகள், அதன் பிறகே ரோலர்கள். ரோலரில் டோனர் தூளும் தாள் தூசியும் படிந்தாலே ஒரு பக்கம் வழுக்கும்; தயாரிப்பாளர் சொல்லும் திரவத்தால் வாரந்தோறும் துடைத்தால் இதற்காகப் பழுது பார்ப்பவரை அழைப்பது பெருமளவு குறையும். பின்னின் கால்கள் மடங்காமல் நின்றால் கிளிஞ்சரையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கம்பி நீளத்தையும் பாருங்கள்.

100 பக்கத்துக்கு மேல் நிறையக் கேட்கிறார்கள். பெரிய புக்லெட் இயந்திரமா, பெர்ஃபெக்ட் பைண்டிங்கா?

பெர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது பின்னுக்குப் பதிலாக முதுகில் பசையிட்டு ஒட்டும் முறை. மெல்லிய தாளில் 100 பக்கத்தைத் தாண்டியும் பின் அடிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன; ஆனால் நகர்வும் உப்பலும் சேர்ந்து, புத்தகத்தின் தோற்றமும் ஓர வெள்ளையும் கெடுகின்றன. 60 முதல் 90 பக்கம் வரை இரண்டு முறைகளுக்கும் பொதுவான பகுதி: விரித்து வைத்துப் பார்க்க வேண்டிய பயிற்சிக் கையேடு, குறிப்பேடு போன்றவற்றுக்குப் பின்னும், அலமாரியில் முதுகு தெரிய நிற்க வேண்டியவற்றுக்குப் பசையும் பொருந்தும்.

உங்கள் பட்டியலில் இத்தகைய தடித்த வேலைகள் மாதத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் என்றால் அவற்றைப் பசை பைண்டிங் செய்பவரிடம் கொடுத்துவிட்டு, 64 பக்கம் வரை நன்றாகச் செய்யும் நடுத்தர புக்லெட் இயந்திரத்தோடு நில்லுங்கள். வாராவாரம் வந்தால், புக்லெட் இயந்திரத்தில் ஒரு படி குறைத்து, மிச்சமாகும் பணத்தைச் சிறிய பெர்ஃபெக்ட் பைண்டருக்கு ஒதுக்குவதே சரி.